கேமராவைத் தரையில் உட்கார வைத்த பெண்கள்

ஹைதராபாத்திலிருந்து மும்பை நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிப் போனால் முதலில் பட்டான்செரு வரும். 1972-ம் ஆண்டு தொடங்கப்பட்ட இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம் இருப்பது அங்கேதான். சோளம், கம்பு, துவரை, கொண்டைக்கடலை, நிலக்கடலை என்று மானாவாரிப் பயிர்களுக்காக உலக அளவில் ஆராய்ச்சி செய்யும் இடம். தமிழ்நாட்டிலிருந்து விவசாயச் சுற்றுலா வருகிறவர்களில் பலர் இந்த வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். திரும்பாமல் அதே சாலையில் சங்காரெட்டி, சதாசிவப்பேட்டை தாண்டிப் போனால், ஹைதராபாத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் ஜஹீராபாத். அதே மானாவாரிப் பயிர்களைப் பற்றி நாள்தோறும் பேசுவதற்கு அங்கே இன்னொரு நிலையம் இருக்கிறது. அதை நடத்துகிறவர்கள் பட்டம் வாங்கியவர்கள் அல்ல. களையெடுத்தும் கதிரறுத்தும் பழகிய கிராமத்துப் பெண்கள்.

ஜஹீராபாத் தெலங்கானாவின் மேற்கு ஓரம். 2016 வரை மேடக் மாவட்டத்தில் இருந்தது, இப்போது சங்காரெட்டி மாவட்டம். இன்னும் கொஞ்ச தூரம் போனால் கர்நாடகத்தின் பீதர் வந்துவிடும். கிணறும் போரும் உள்ளவர்கள் இஞ்சி, உருளைக்கிழங்கு, கரும்பு என்று போடுகிறார்கள். தண்ணீர் இல்லாதவர்களுக்கு வாய்த்தது பெரும்பாலும் சரளைக்கல் கலந்த செம்மண் மேடு. மண் ஆழம் குறைவு, ஈரம் நிற்காது. நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து விவசாயிக்கு இந்த மண்ணைப் பற்றி விளக்கவே வேண்டாம்.

இந்த மேட்டு நிலத்தில் ஒரே பயிரை நம்பினால் ஒரே நாளில் ஏமாந்துபோக வேண்டியதுதான். அதனால் ஓர் ஏக்கருக்குள் சோளம், துவரை, தினை, சாமை, பாசிப்பயறு, எள், புளிச்சக்கீரை என்று பத்துப் பதினைந்து வகையைக் கலந்து விதைப்பது அங்கே பழைய வழக்கம். ஒன்று போனால் ஒன்று நிற்கும். பயறு முதலில் வீட்டுக்கு வரும், துவரை கடைசியில் வரும். சோளத்துக்கு ஜொன்னலு, தினைக்கு கொர்ரலு, சாமைக்கு சாமலு, துவரைக்கு கந்துலு என்று பெயர்கள். பள்ளத்துக் கரிசலில் மழைக்காலம் முடிந்தபின் பனியை மட்டும் நம்பி விளையும் பயிர்களை ‘சத்தியம் பண்டலு’ என்கிறார்கள். சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு விளையும் பயிர் என்று பொருள். பின்பருவச் சோளத்துக்கு இதைவிட நல்ல பெயரை எந்த வேளாண் பாடநூலும் வைத்ததில்லை.

1983-ல் இந்தப் பகுதியில் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற அமைப்பு வேலையைத் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் பி.வி. சதீஷ். மைசூரில் பிறந்தவர், தூர்தர்ஷனில் தயாரிப்பாளராகப் பணியாற்றியவர். ஊருக்கு ஊர் பெண்கள் சங்கங்கள் ஏற்பட்டன. உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித் குடும்பத்துப் பெண்கள். அரை ஏக்கர், ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள். விட்டுப்போன தரிசைத் திருத்தினார்கள். மூங்கில் கூடையில் சாம்பலும் வேப்பிலையும் கலந்து, மண் பூசி, விதை சேமித்தார்கள். விதை வாங்கியவர் அறுவடைக்குப் பின் வாங்கியதைவிடக் கூடுதலாக அளந்து திருப்பித் தர வேண்டும் என்பது வழக்கு. சுமார் 75 ஊர்களில் இந்தச் சங்கங்கள் பரவின. 2019-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் விருது இவர்களைத் தேடி வந்தது.

விதை காத்த கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். அந்த விதைக்காரப் பெண்கள் கேமராவும் மைக்கும் பிடிக்கக் கற்றுக்கொண்ட கதை அதே அளவு முக்கியமானது. இன்று கையில் போன் வைத்திருக்கும் ஒவ்வொரு விவசாயக் குடும்பத்துக்கும் அது நேராகப் பயன்படும்.

பட்டேல் பார்வை, கூலிக்காரர் பார்வை

1998 வாக்கில் சங்கத்துப் பெண்கள் சிலருக்கு வீடியோ பயிற்சி தொடங்கியது. அவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடம் போகாதவர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எதற்குக் கேமரா என்று வெளியில் இருந்தவர்கள் கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாது என்பதற்காகவே அது வேண்டும் என்பதுதான் பதில். அதுவரை அந்தப் பெண்களுக்குத் தெரிந்ததை வெளியுலகுக்குச் சொல்ல, படித்த ஒருவர் நடுவில் வர வேண்டியிருந்தது. வந்தவர் தனக்குப் புரிந்ததை மட்டும் எழுதிக்கொண்டு போவார். எழுதியதில் என்ன இருக்கிறது என்று சொன்னவருக்கே தெரியாது. வீடியோவில் அந்தச் சிக்கல் இல்லை. பேசியவரே திரும்பப் பார்க்கலாம், தப்பு என்றால் தப்பு என்று சொல்லலாம்.

கருவியில் உள்ள ஆங்கில எழுத்தைப் படிக்க முடியாவிட்டால் என்ன? பொத்தானின் குறி, நிறம், இருக்கும் இடம் ஆகியவற்றை வைத்துப் பழகிக்கொள்ளலாம். நெல்லில் கலந்த களைவிதையை விரல் நுனியால் பிரித்தெடுக்கிறவர்களுக்கு அது பெரிய வித்தை அல்ல.

கேமராக் கோணங்களுக்கு அந்தப் பெண்கள் வைத்த பெயர்கள் இன்று ஊடகக் கல்லூரிகள்வரை பேசப்படுகின்றன. மேலிருந்து கீழ்நோக்கி எடுக்கும் படம் ‘பட்டேல் ஷாட்’. பட்டேல் என்றால் அங்கே ஊர்ப் பெரிய நிலக்காரர். நம் மணியக்காரரையும் பண்ணையாரையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம். அவர் மற்றவர்களை உயரத்திலிருந்துதான் பார்ப்பார். கீழிருந்து அண்ணாந்து எடுப்பது அடிமை ஷாட். கூலிக்காரர் நிலக்காரரைப் பார்க்கும் பார்வை. கண்ணுக்கு நேராக, சமமாக வைத்து எடுப்பது ‘சங்கம் ஷாட்’. சங்கக் கூட்டத்தில் எல்லோரும் தரையில் வட்டமாக உட்காருவார்கள், யாரும் யாரையும் அண்ணாந்தும் பார்ப்பதில்லை, குனிந்தும் பார்ப்பதில்லை. உட்கார்ந்திருப்பவரைப் படம் எடுக்க வேண்டுமானால் கேமராக்காரரும் உட்கார வேண்டும். முடிந்தவரை சங்கம் ஷாட்டிலேயே எடுப்பது இவர்கள் பழக்கமானது.

இதைப் படித்துவிட்டு, நம் பக்கம் எடுக்கப்படும் செயல்விளக்க வீடியோக்களைப் போட்டுப் பாருங்கள். அதிகாரி வரப்பில் நின்றபடி பேசிக்கொண்டிருப்பார். விவசாயி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருப்பார். நிலமும் பயிரும் அவருடையவை, வாய் மட்டும் வேறொருவருடையது. கேமராவை யார் பிடிக்கிறார்கள், எந்த உயரத்தில் பிடிக்கிறார்கள் என்பது தொழில்நுட்பம் மட்டும் அல்ல என்று ஜஹீராபாத் பெண்கள் கண்டுபிடித்தது சும்மா இல்லை.

2001-ல் இந்தப் பெண்கள் சமுதாய ஊடக அறக்கட்டளை என்ற பெயரில் தனி அமைப்பானார்கள். சோளம் விதைப்பது, கீரை பறிப்பது, விதைக்கூடை பூசுவது என்று தங்களுக்குத் தெரிந்ததையே முதலில் படமாக்கினார்கள். பிறகு அந்தக் கேமராவுக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது.

பருத்திக் காட்டில் மூன்று வருடம்

2002 மார்ச்சில் இந்தியாவில் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டே ஆந்திராவின் வாரங்கல் மாவட்ட விவசாயிகள் பலர் அதை விதைத்தார்கள். காய்ப்புழு வராது, மருந்துச் செலவு குறையும், மகசூல் கூடும் என்பது பேச்சு. ஜஹீராபாத் பெண்கள் கேமராவோடு வாரங்கலுக்குப் போனார்கள். ஒரே தடவை போய் நாலு பேரிடம் கருத்துக் கேட்டு வந்துவிடவில்லை. விதைப்பு, செடி வளர்ச்சி, காய் பிடிப்பு, பஞ்சு எடுப்பு, சந்தை என்று பருவம் முழுக்க அதே விவசாயிகளிடம் திரும்பத் திரும்பப் போனார்கள். பேசுகிறவரும் விவசாயி, கேட்கிறவரும் விவசாயி. எத்தனை தடவை மருந்து அடித்தீர்கள், பையை எவ்வளவுக்கு வாங்கினீர்கள், எத்தனை குவிண்டால் எடுத்தீர்கள், வியாபாரி என்ன விலை சொன்னார் என்று நேராகக் கேட்கத் தெரிந்தவர்கள்.

முதல் பருவம் முடிந்து 2003-ல் ஒரு படம், மூன்று பருவம் முடிந்து 2005-ல் இன்னொரு படம் வந்தது. இரண்டிலும் வாரங்கல் மானாவாரி விவசாயிகள் தங்கள் நட்டத்தை வாய்விட்டுச் சொன்னார்கள். 2005 மே மாதம், முதலில் அனுமதி பெற்ற மூன்று பி.டி. ரகங்களுக்கு ஆந்திராவில் அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. அந்த முடிவுக்கு மாநில அரசின் அறிக்கைகள் உட்படப் பல காரணங்கள் உண்டு. ஒரு படத்தால் நடந்தது என்று சொன்னால் அது மிகை. ஆனால் விளம்பரத்தில் வரும் விவசாயி ஒன்று சொல்ல, வாரங்கல் காட்டில் நிற்கும் விவசாயி வேறொன்று சொல்கிறார் என்பதை, பேனா பிடிக்கத் தெரியாத பெண்கள் தேதியோடும் முகத்தோடும் பதிவு செய்து வைத்தார்கள். பின்னாளில் தென்னாப்பிரிக்கா, மாலி, இந்தோனேசியா போன்ற நாடுகளின் பருத்தி விவசாயிகள் பேசும் படமும் அதே அறக்கட்டளையிலிருந்து வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீடியோ என்பது சாட்சி, ஆராய்ச்சித் திடல் அல்ல. பாசன வசதியுள்ள இடத்தில் அதே விதை வேறு விதமாக நடந்திருக்கலாம். இன்று நாட்டில் பருத்தி விளையும் பரப்பில் மிகப் பெரும் பகுதி பி.டி.தான் என்பதையும் மறைக்க முடியாது. இருந்தாலும், குறிப்பிட்ட மண்ணில், குறிப்பிட்ட மழையில் ஒரு சிறு விவசாயிக்கு என்ன நடந்தது என்பதை அவரே சொல்லி வைத்திருக்கும் பதிவுக்கு மதிப்பு உண்டு. புள்ளிவிவரத்தில் அவர் சராசரிக்குள் கரைந்துபோவார். படத்தில் கரைய மாட்டார்.

அனுமதி வராத வானொலி

ஜஹீராபாத்துக்கு அருகில் மச்னூர் என்ற சிற்றூர். சங்கம் வானொலியின் நிலையம் அங்கே இருக்கிறது. யுனெஸ்கோ உதவியோடு 1990-களின் கடைசியில் கருவிகள் வந்து, ஒலிப்பதிவு தொடங்கியது. ஒலிபரப்ப மட்டும் அனுமதி இல்லை.

வானலைகள் பொதுச் சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு கிராமத்துக்கு வந்துசேர வெகுகாலம் ஆனது. முதலில் கல்வி நிறுவனங்களுக்கு வழி திறந்தது. 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் வானொலி தொடங்கியது அப்படித்தான். விவசாயிகள் சங்கம், தொண்டு நிறுவனம் போன்றவை வானொலி நடத்தலாம் என்ற கொள்கை 2006 நவம்பரில்தான் வந்தது.

இடைப்பட்ட அத்தனை வருடமும் மச்னூர் பெண்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். பேட்டி, பாட்டு, கதை, விதை பற்றிய பேச்சு எல்லாவற்றையும் கேசட்டில் பதிந்தார்கள். கேசட்டையும் டேப் ரெக்கார்டரையும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், இரவுச் சங்கக் கூட்டத்தில் போட்டுக் காட்டினார்கள். கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? இந்தப் பாட்டில் ஒரு அடி விட்டுப்போச்சு, எங்கள் ஊரில் தினையை அப்படி விதைப்பதில்லை என்று அங்கேயே திருத்தம் வரும். அனுமதி தாமதமானது அநியாயம்தான். ஆனாலும் கேட்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிகழ்ச்சி தயாரிக்கக் கற்ற வானொலிக்காரர்கள் நாட்டில் வேறு எங்கும் அதிகம் இருக்க மாட்டார்கள்.

2008 அக்டோபர் 15 அன்று, 90.4 மெகாஹெர்ட்ஸில் சங்கம் வானொலி காற்றில் ஏறியது. உலக கிராமப்புறப் பெண்கள் தினத்தை ஐ.நா. முதன்முதலாகக் கடைப்பிடித்ததும் அன்றுதான். தொடங்கி வைத்தவர், 1995 தீர்ப்பை எழுதிய நீதிபதி பி.பி. சாவந்த். நிலையத்தின் பொறுப்பை ஏற்ற இரண்டு பெண்களுக்கும் பெயர் நரசம்மா. குழப்பம் வராமலிருக்க ஒருவர் ஜெனரல் நரசம்மா, இன்னொருவர் ஊர்ப் பெயரோடு அல்கோல் நரசம்மா. சுமார் 25 கிலோமீட்டர் சுற்றளவுக்குக் கேட்கும் என்கிறார்கள். வேலை முடிந்து, அடுப்பு பற்ற வைக்கும் அந்தி நேரம்தான் ஒலிபரப்புக்குத் தேர்ந்தெடுத்த நேரம்.

பேச்சு மொழியும் கவனிக்கத் தக்கது. இந்தப் பகுதித் தெலுங்கில் உருதும் கன்னடமும் கலந்திருக்கும். ஹைதராபாத் வானொலியின் சுத்தத் தெலுங்கு இவர்களுக்குப் பாதி புரியும், பாதி அந்நியமாக இருக்கும். தங்கள் கொச்சையிலேயே, விதைக்கும் பருவத்தில் விதையைப் பற்றியும், பூச்சி வரும் காலத்தில் பூச்சியைப் பற்றியும், நடுவே பாட்டும் கைவைத்தியமுமாகப் பேசினார்கள். ‘இது நம் பேச்சு’ என்று தெரிந்த பிறகுதான் வயதான பெண்கள் மைக்குக்கு முன்னால் வாயைத் திறந்தார்கள்.

தமிழ்நாட்டு விவசாயிக்கு வானொலி புதிதல்ல. 1960-களின் பின்பாதியில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 ரகம் பரவியபோது, திருச்சி வானொலி மூலம் அதைக் கேட்டுப் பயிரிட்டதால் விவசாயிகள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். வானொலி செய்த பெரிய காரியம் அது. ஆனால் அன்று நிலையத்தில் இருப்பவர் சொன்னார், விவசாயி கேட்டார். மச்னூரில் விவசாயி சொல்கிறார். விரும்பினால் துறை அதிகாரியும் கேட்டுக்கொள்ளலாம். இரண்டும் வேண்டும். இரண்டாவது வகைதான் நம்மிடம் போதவில்லை.

எல்லாம் சுபம் என்று எழுதிவிடவும் முடியாது. சமுதாய வானொலிக்குச் செய்தி ஒலிபரப்பும் உரிமை குறுகலானது, விளம்பர வருமானமும் சொற்பம். 2023 மார்ச்சில் சதீஷ் காலமானார். தெலங்கானாவில் மானாவாரிக் கலப்புப் பயிர் இருந்த நிலத்தில் பருத்தி ஏறிக்கொண்டே போகிறது. விதைக்கூடையைப் பற்றிப் பேசத் தெரிந்த தலைமுறைக்கு வயதாகிவிட்டது. அவர்கள் குரல் கேசட்டிலும் கணினியிலுமாவது இருக்கிறது. நம் ஊரில் வரகு இடித்த, குதிர் பூசிய, மாட்டுக்கு நோய் பார்த்த பாட்டிகளின் குரல் எங்கே இருக்கிறது?

போனை வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது

ஸ்டுடியோ, யுனெஸ்கோ எதுவும் இல்லாமல், கையில் இருக்கும் போனிலேயே இந்தப் பயிற்சியை ஒரு குடும்பம் செய்து பார்க்கலாம். அறக்கட்டளைப் பெண்களின் அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ள மூன்று பாடங்கள் இருக்கின்றன.

முதலில் வீடியோ வேண்டாம், குரல் போதும். கேமராவைக் கண்டால் பலருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வாய்ஸ் ரெக்கார்டரைப் போட்டு, போனைப் பேசுகிறவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஃபிளைட் மோடில் போட்டுவிட்டால் நடுவில் அழைப்பு வந்து கெடுக்காது. காடாக இருந்தால் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். போனின் மைக் துளைமேல் மெல்லிய துணி ஒரு சுற்று போட்டால் காற்றிரைச்சல் குறையும். ‘அந்தக் காலத்து விவசாயம் எப்படி?’ என்று கேட்டால் பொதுப்படையாகத்தான் பதில் வரும். ‘சாமை விதையை எதில் கட்டி வைப்பீர்கள், எத்தனை வருடம் முளைக்கும்?’ என்று ஒற்றைப் பொருளைக் கேளுங்கள். அவர் யோசிக்கும்போது நீங்கள் பேசாதீர்கள். மூன்று நிமிடம் போதும். முடிந்ததும் அவருக்கே போட்டுக் காட்டுங்கள். இந்தக் கடைசி வேலையை யாரும் செய்வதில்லை. செய்தால் ‘அட, இதைச் சொல்ல மறந்துட்டேனே’ என்று இன்னொரு மூன்று நிமிடம் கிடைக்கும்; பல நேரம் அதுதான் உருப்படியான பகுதி.

இரண்டாவது, ஒரு வேலையை மட்டும் காட்டும் வீடியோ. விதைநேர்த்தி, மண்புழு உரம் சலிப்பது, கன்றுக்குக் குடற்புழு மருந்து கொடுப்பது என்று ஏதாவது ஒன்று. காலை ஒன்பதுக்கு முன், அல்லது மாலை நாலுக்குப் பின் எடுங்கள். உச்சி வெயிலில் முகம் கறுத்துப்போகும், பச்சை வெளிறிப்போகும். சூரியன் எடுப்பவரின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். இடத்தைத் தூரத்திலிருந்து ஒன்று, ஆளை ஒன்று, கையை நெருக்கமாக ஒன்று, பொருளை ஒன்று, முடிந்த பிறகு ஒன்று. ஒவ்வொன்றையும் போனை ஆட்டாமல் மனதுக்குள் பத்து எண்ணும்வரை பிடித்தால் போதும். வலமிருந்து இடமாகப் போனைச் சுழற்றுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. பார்ப்பவருக்குத் தலை சுற்றும். உட்கார்ந்து வேலை செய்பவரை எடுக்க நீங்களும் உட்காருங்கள்.

அளவு சொல்லும் இடத்தில் கவனம் தேவை. இன்று போனில் சுற்றும் விவசாய வீடியோக்களில் பெரிய ஆபத்து இதுதான். ‘ஒரு டேங்குக்கு ஒரு மூடி’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். கைத்தெளிப்பானும் பேட்டரித் தெளிப்பானும் ஒரே கொள்ளளவா? 10 லிட்டர் டேங்கும் உண்டு, 16 லிட்டர் டேங்கும் உண்டு. மூடியும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பஞ்சகவ்யா என்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி என்று சொல்ல வேண்டும். அளவுக்குவளையில் ஊற்றுவதை நெருக்கமாகக் காட்ட வேண்டும். எந்தப் பயிர், எத்தனையாவது நாள், என்ன மண், இறவையா மானாவாரியா என்பதையும் வாயால் சொல்லிவிடுங்கள். பூச்சிமருந்து என்றால் லேபிளில் உள்ள அளவைத் தவிர வேறு எதையும் சொல்ல வேண்டாம். உங்கள் காட்டில் தப்பித்தது பக்கத்து மாவட்டத்தில் பயிரைப் பொசுக்கிவிடும்.

மூன்றாவது, வாரங்கல் பாணி. இது கொஞ்சம் பொறுமை கேட்கும். விதைத்த அன்று வரப்பில் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் நின்று அரை நிமிடம் எடுங்கள். ஒவ்வொரு தடவையும் தேதி, பெய்த மழை, அன்றுவரை ஆன செலவு ஆகியவற்றைச் சொல்லுங்கள். பூச்சி வந்தால் இலையின் மேற்பக்கம், அடிப்பக்கம், முழுச்செடி, வயலின் நிலை என்று நாலும் இருக்கட்டும். இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு ‘செடி வாடுகிறது, என்ன மருந்து?’ என்று ஒற்றை இலைப் படத்தோடு வரும் கேள்விகளுக்குச் சரியான பதில் சொல்வது மிகக் கடினம். வேரைப் பிடுங்கி, தண்டைக் கீறிக் காட்டும் அரை நிமிட வீடியோவில் வாடல் நோயா, வேர்ப்புழுவா, தண்ணீர் தேங்கியதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அறுவடை வரை எடுத்ததை வரிசையாக ஒட்டினால் உங்கள் நிலத்தின் ஒரு வருடக் கணக்கு ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். முளைக்காத விதைக்கோ, மழையில் போன பயிருக்கோ புகார் கொடுக்க நேர்ந்தால், பில்லோடும் பையோடும் இந்தப் பதிவும் கையில் இருப்பது நல்லது.

நட்டம் வந்த வருடத்தையும் எடுங்கள். ஏக்கருக்கு ஐந்து லட்சம் என்று சிரித்த முகத்தோடு பேசும் வீடியோக்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

ஒருவரைப் பதிவு செய்யும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். யாருக்கெல்லாம் காட்டுவீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒருவருடைய கைவைத்தியம், குடும்பத்து விதை என்பவை அவர்களுடைய சொத்து. அவர்களுடைய போன் எண்ணை வீடியோவில் போடாதீர்கள். பதிந்ததைக் கோப்பில் பெயர், ஊர், பொருள், தேதி போட்டுச் சேமியுங்கள். ஒரு நிமிட வீடியோ நூறு எம்.பி.க்கு மேலும் இடம் பிடிக்கும், குரல் பதிவுக்கு ஒன்றிரண்டு எம்.பி. போதும். போன் தொலைந்தால் எல்லாம் போகும். மெமரி கார்டிலோ, பிள்ளைகளின் கணினியிலோ இன்னொரு பிரதி இருக்கட்டும்.

போவதானால்

சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்கு இரவு ரயிலில் போய், அங்கிருந்து ஜஹீராபாத்துக்குப் பேருந்து பிடிக்கலாம். அமைப்பின் மைய அலுவலகம் ஊரை ஒட்டிய பஸ்தாபூரில் இருக்கிறது. முன்கூட்டியே பேசி அனுமதி பெற்றுப் போவது முறை. அறுவடை நாளில் போய் நின்றால் யாரும் காட்டைவிட்டு வர மாட்டார்கள், வரவும் கூடாது.

போவதற்கு நல்ல காலம் சங்கராந்திக்குப் பிந்தைய நாட்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மத்தியில் ‘பாத்த பண்டல ஜாத்தரா’ என்ற பழம்பயிர்த் திருவிழா புறப்படும். அலங்கரித்த மாட்டு வண்டிகளில் விதைக்கூடைகளை ஏற்றிக்கொண்டு, பாட்டும் மேளமுமாக ஏறக்குறைய ஒரு மாதம் ஊர் ஊராகப் போவார்கள். ஒவ்வோர் ஊரிலும் வண்டியை நிறுத்திக் கூடி உட்கார்ந்து பேசுவார்கள். கரிசல் காட்டில் பின்பருவச் சோளம் அப்போது கதிர் தள்ளியிருக்கும், கொண்டைக்கடலை காய் பிடித்திருக்கும், வரப்போரம் குசும்பா பூத்திருக்கும். வண்டிக்கு முன்னால் கேமராவோடு பெண்கள் நடந்துகொண்டிருப்பார்கள். போனை எடுப்பதானால் கொஞ்சம் உட்கார்ந்து எடுங்கள்.